முகாமுக்குள் முடங்கும் பெண் குரல்

2025 செப்டம்பரில் வந்த குடிவரவு விலக்கு ஆணையைப் பெரும் சலுகை என்று கொண்டாடியவர்கள் அதை மறுபடியும் எடுத்துப் படிக்கட்டும். 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காக இனித் தண்டிக்கப்பட மாட்டார்கள். அவ்வளவுதான். குடியுரிமையை நோக்கி ஓர் அடிகூட அதில் இல்லை. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு அதே ஆணை 2024 டிசம்பர் 31 வரை காலக்கெடு தருகிறது. அவர்களில் முன்னதாக வந்தவர்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குடியுரிமைக் கதவையும் திறந்திருக்கிறது. கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் மன்னிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். ஆந்திராவின் குடுபல்லி, குப்பம் வட்டாரத் தமிழர்களான நமக்கு இதன் கனம் புரியும். மாநிலங்கள் பிரிந்தபோது எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். ஆனாலும் ஓட்டும் ரேஷன் கார்டும் பட்டாவும் நம்மை விட்டுப் போகவில்லை. ரயிலேறி ஜோலார்பேட்டை போய்வர யாரிடமும் நாம் அனுமதி கேட்பதில்லை. தமிழகத்து அகதி முகாமில் இருப்பவர் கேட்க வேண்டும். மாதாமாதம் அதிகாரிகள் முன் நின்று, தான் அங்கேதான் இருப்பதாகக் கணக்கும் காட்ட வேண்டும்.

இந்த முடிவால் யார் என்ன இழக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பலரும் வேலை, படிப்பு, சொத்து என்று பதில் சொல்லிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு: முகாம் பெண்களின் குரல். ஈழப்போரை உள்ளிருந்து பதிவு செய்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பை வெளியிட்டபோது, அதில் எழுதியவர்கள் பத்துப் பெண்கள். அவர்களில் ஒருவரான சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளைத் தீயிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கவிஞர் செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள்; அவர் திரும்பவே இல்லை. மட்டக்களப்பில் வாசுகி ஜெயசங்கர் பெண்களின் துயரத்தையும் எதிர்ப்பையும் ஓவியங்களாக்கினார். சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனா மையால் வேலிகளை வரைகிறார். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களும் ஓயவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ‘பெண்கள் சந்திப்பு’ கூடியது. இதழ்கள் வந்தன, தொகுப்புகள் வந்தன. பனி பெய்யும் நாடுகளில், புரியாத மொழிகளுக்கு நடுவே இது நடந்தது. ஆனால் தமிழே பேசும் மண்ணில், சென்னைப் பதிப்பகங்களுக்குப் பக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்றும் 50,000க்கும் அதிகமானோர் வாழ்கிறார்களே, அங்கிருந்து எழுந்த எத்தனை பெண்களின் கவிதை, எத்தனை பெண்களின் ஓவியம் நம் நினைவில் இருக்கிறது? திறமை கடல் தாண்டி மேற்கே மட்டும் போய்விடவில்லை. அங்கே போனவளுக்குக் கையில் ஆவணம் கிடைத்தது, கூட்டம் போட உரிமை கிடைத்தது, மனத்தில் இருப்பதை எழுதினால் பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டுப்படாது என்ற உறுதி கிடைத்தது. இங்கே வந்தவளுக்குக் கிடைத்தது உதவித்தொகையும் கண்காணிப்பும்.

பாதுகாப்பு என்று ஒரு பதில் சொல்வார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையை யாரும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் பெயரும் ஊரும் கைரேகையும் பதிவாகி, மாதம் தவறாமல் எண்ணப்படும் மக்களைவிட அரசு நன்றாக அறிந்த கூட்டம் இந்த நாட்டில் எது? அந்தக் கொலைக்குப் பல ஆண்டுகள் கழித்து முகாமில் பிறந்த பெண்ணிடம் அதற்குக் கணக்குக் கேட்பது நீதியா? சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் ஓவியம் எதற்கு, கவிதை எதற்கு என்று இன்னொரு கேள்வியும் வரும். போரில் பட்டதைச் சொல்ல முடியாதவர்களுக்கு நியாயம் கிடைத்த வரலாறு எங்கும் இல்லை. சூடானைப் பாருங்கள்: 2023 ஏப்ரல் 15இல் அங்கே போர் வெடித்தபின் கார்ட்டூமை விட்டு ஓடிய பெண் ஓவியர்கள் கெய்ரோவிலும் நைரோபியிலும் மறுபடி தூரிகை எடுத்தார்கள். செய்திகளில் எண்ணிக்கையாக மட்டும் வந்துபோகும் அந்தப் போருக்கு முகம் கொடுப்பதில் அவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

இப்படி ஒரு முடிவு வந்ததில் வியப்பில்லை, ஏனெனில் டெல்லியில் ஆள்பவர்கள் எப்போதும் இப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். 1964இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் 9,75,000 பேரின் தலைவிதியை இரு நாட்டு அரசுகளும் பேசின. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணிடம் உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று கேட்டவர் யார்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகுகள் கரைக்கு வந்தன. அகதிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்ற அன்று தொடங்கி இன்றுவரை இவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர் குடியுரிமை பெறப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி, முகாம் பிள்ளைகளைப் பிறப்பிலேயே அந்நியராக்கினார்கள். மலையகத்திலிருந்து வடக்கே ஒதுங்கி, அங்கிருந்து போருக்குத் தப்பி இங்கே வந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் அந்த முகாம்களில் இருக்கின்றன. சொந்தப் பாட்டன் பூட்டன் ஊருக்கே திரும்பி வந்தவர்களையும் அடையாளம் காண முடியாத நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? தமிழக அரசு 2021இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிப் புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமை தரும் அதிகாரம் சென்னையில் இல்லை.

இந்த ஆணையோடு கடமை முடிந்தது என்று டெல்லி கையைத் துடைத்துக்கொள்ளக் கூடாது. இங்கேயே இருக்க விரும்புவோருக்கும் திரும்பிப் போக விரும்புவோருக்கும் மரியாதையான ஒரு வழியை விரைவில் காண வேண்டும். முகாம் பெண்களின் எழுத்தையும் ஓவியத்தையும் தேடிப் போய்த் திரட்டும் பொறுப்பைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் நம் குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகமும் ஏற்க முன்வர வேண்டும். 1983இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்குத் தண்டனை இல்லை என்கிறது புதிய ஆணை. குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவள் இன்னமும் சட்டவிரோதமாக நுழைந்தவள்தான்.