வராத இரண்டாவது கடிதம்

2009-ல் வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் எலும்புமுறிவு வார்டில் நர்ஸாக இருந்தேன். என்னோடு நைட் டியூட்டி பார்த்தவர்களில் ஒருவர் டெரிட்டோரியல் ஆர்மிக்காரர். வாரக் கடைசியில் சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவார், திங்களன்று எங்களோடு பெட்ஷீட் மாற்றுவார். ஒருநாள் அழைப்புக் கடிதம் வந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில், கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனையில் மூன்று மாதம்.

கண்ணிவெடியில் இரண்டு காலும் போனவர்களை ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்கும் இடம் அது. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் அவரைப் போலவே அரசு மருத்துவமனைகளிலிருந்து போன தன்னார்வலர்கள். ரத்தப்போக்கை நிறுத்துவதில் அவர்கள் அங்கே கற்றது பிறகு இங்குள்ள விபத்துப் பிரிவுகளுக்கும் பயன்பட்டது. அந்த லாபத்தை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம்.

திரும்பி வந்த சில வாரங்களிலேயே அவர் மறுபடி வார்டுக்கு வந்துவிட்டார். ஒரு விடியற்காலை, சாப்பாட்டு ட்ராலி கதவில் இடித்த சத்தத்துக்குக் கையிலிருந்த மருந்துத் தட்டைப் போட்டுவிட்டார். "தூக்கம் சரியில்லை" என்றார். நான் மாத்திரைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

முழுநேரச் சிப்பாய் தன் படைப்பிரிவோடு முகாமுக்குத் திரும்புகிறான். அவன் பார்த்ததைப் பார்த்தவன் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறான். தன்னார்வலருக்கு அது வாய்ப்பதில்லை. 2003-ல் ஈராக் போருக்காக அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான ரிசர்வ் வீரர்களைப் பிரிட்டன் கட்டாயமாக அழைத்தது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு பேரை அழைத்ததில்லை. ஈராக் போய்வந்தவர்களை ஆராய்ந்த லண்டன் கிங்ஸ் கல்லூரி, போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் முழுநேர வீரர்களில் 4 சதவீதம் பேருக்கும், ரிசர்வ் வீரர்களில் 6 சதவீதம் பேருக்கும் இருப்பதாக 2006-ல் வெளியிட்டது. அந்த ஆண்டே ரிசர்வ் வீரர்களுக்கென்று ஒரு மனநலத் திட்டமும் வந்தது. ஆனால் உதவி வேண்டுமென்று வீரர்தான் முதலில் வாய்திறக்க வேண்டும். எங்கள் வார்டில் அப்படி ஒரு திட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

வாய்திறக்காதவர்தான் நோயாளி என்பது எந்த நர்ஸுக்கும் தெரியும். அரசுக்கு அது தெரிய வேண்டாமா? பின்னர் முழுநேரப் படையை 82,000-ஆகக் குறைத்து, பயிற்சி பெற்ற ரிசர்வ் வீரர்களை 30,000-ஆக உயர்த்தத் திட்டமிட்டார்கள். 2014-ல் டெரிட்டோரியல் ஆர்மியின் பெயரையும் ஆர்மி ரிசர்வ் என்று மாற்றினார்கள். இத்தனை பேரை நம்பிப் படையெடுப்பவர்கள், போய்வந்தவரை ஆறாவது மாதத்திலும், ஓராண்டிலும், மூன்றாண்டிலும் தாங்களே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். வீட்டில் மனைவியையும் கேட்க வேண்டும், வார்டு மேலாளருக்கும் சொல்ல வேண்டும். போர்முனைக்கு அழைத்த கடிதம் அவர் வீட்டைத் தவறாமல் கண்டுபிடித்ததே. இதற்கும் அதே முகவரிதான்.

அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுப் போனார். கிளம்பிய அன்று லாக்கர் சாவியை என் கையில்தான் கொடுத்தார். அன்றைக்கும் நான் கேட்கவில்லை.