தன்னொழுங்கும் தவறான அறிமுகமும்

கணனி இட்ட கட்டளையை மட்டுமே செய்யும்; ஆதலின் கற்றல் பற்றி அதனிடம் அறிவதற்கு யாதுமில்லை எனக் கூறி மாணவரைத் திருப்பி அனுப்புவோர் ஒரு சாரார். தரவுகளைக் கொட்டினாற் போதும், அறிவு தானே முளைத்துவிடும் என வியப்போர் மறுசாரார். இரு சாராரும் தாம் பேசும் பொருளை ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தவரல்லர் என்றே எண்ண வேண்டியுள்ளது.

பின்லாந்து அறிஞர் கொஹோனென் 1982 இல் வெளியிட்ட தன்னொழுங்கமைப்பு வரைபடத்தை நோக்குக. வலைபோல் நிரைப்படுத்திய அலகுகள். ஒவ்வொன்றும் எழுமாற்றாகப் பெற்ற சில எண்களைக் கொண்டிருக்கும். உள்ளீடு ஒன்று வரும்போது அதனை மிக ஒத்த அலகு தெரியப்படுகிறது. அவ்வலகின் எண்களும் அதன் அயலிலுள்ள அலகுகளின் எண்களும் உள்ளீட்டை நோக்கிச் சிறிது திருத்தப்படுகின்றன. அயலின் பரப்பு முதலிற் பெரிதாயிருந்து படிப்படியாகக் குறுகும். செய்முறை இவ்வளவே. இது பல்லாயிரம் முறை நிகழ்ந்தபின், ஒத்தவை அருகருகே அமைந்த வரைபடம் ஒன்று தோன்றுகிறது. கட்டளை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் எவ்வலகு எதனைக் குறிக்கும் என்பது அக்கட்டளையில் எங்கும் எழுதப்படவில்லை. அயலை நீக்கிவிடின் அலகுகள் தனித்தனியே கற்குமேயன்றி அவற்றிடையே ஒழுங்கு பிறவாது. முதற் சாராரின் வாதம் இவ்விடத்திலேயே வீழ்கிறது.

மறுசாராரின் களிப்பும் நெடிது நில்லாது. கொஹோனென் 1988 இல் விவரித்த ஒலியெழுத்துப் பொறி, பின்னிய மொழிப் பேச்சினை 15 மீடிறன் கூறுகளாகப் பகுத்து இத்தகைய வரைபடத்துக்கு ஊட்டியது. ஒலியன்கள் தத்தமக்குரிய இடங்களைப் பெற்றன, உண்மை. ஆயின் பேச்சினை 15 கூறாக வகுத்தவர் யார்? ஒப்புமையை அளக்கும் அளவையைத் தெரிந்தவர் யார்? முன்பே பெயரறிந்த ஒலிகளைக் கொடுத்து, இவ்விடம் 'ஆ', அவ்விடம் 'ஓ' எனக் குறியிட்டவர் யார்? மனிதரே. தானாக அமைந்தது ஒழுங்கு. பெயர் தானாக அமையவில்லை.

அரைகுறை அறிமுகத்தின் தீங்கு இத்துறைக்குப் புதிதன்று. 1969 இல் மின்ஸ்கியும் பப்பேற்றும் எளிய பெர்செப்ரன்களின் எல்லைகளைக் கணிதமுறையில் நிறுவினர். அதனை நரம்பு வலைகள் அனைத்துக்குமான மரணத் தீர்ப்பாகப் பலர் கொண்டனர். நூலை முற்றாக வாசித்தவர் அவருள் எத்தனை பேரோ!

இன்றும் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்வித்து, பரீட்சையில் அதனையே மீளப் பெறுவதைக் கற்பித்தல் எனக் கொள்வோர் உளர். கற்றலைப் பற்றிய கோட்பாடொன்றை இவ்வாறு கற்பிப்பது நகைப்புக்குரியது. இதற்குக் கணனிக்கூடந்தானும் வேண்டியதில்லை. பத்து அலகுகளை ஒரு தாளில் நிரையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை இட்டுக் கையாற் கணித்துப் பார்க்க மாணவரை விடலாம். அயலின் பரப்பை முதலில் எவ்வளவாகக் கொள்வது என்ற வினாவை அவர்களே எழுப்புவர். ஒரு பாடவேளை இதற்குப் போதும்.