ஆகாயத்தில் ஒரு கண்

கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே எங்கோ ஓர் ஊர் பற்றி எரிவதைப் பார்க்கும் பாக்கியம் இக்காலத்து மனிதனுக்குக் கிட்டியிருக்கிறது. இது பாக்கியந்தானா என்பதை இவ்வாரம் சற்று ஆலோசிப்போம்.

இந்த வித்தைக்கு மூலபுருஷர் ஜான் ஸில்வா என்னும் எஞ்சினீயர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சி நிலையத்தைச் சேர்ந்தவர். 1958-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், காமிராவையும் ஒளிபரப்புக் கருவியையும் ஒரு சிறு ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் நிலையத்துக்கு ஒரு படமும் வந்து சேரவில்லை. மனிதர் பறக்கும்போதே வெளியே இறங்கிக் கால்சட்டத்தின்மீது நின்று கருவியைச் சோதித்தார்! பழுதைக் கண்டுபிடித்து மறுநாளே ஜயித்தும் காட்டினார்.

1963 டிசம்பர் 14-ந் தேதி அந்நகரின் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கம் உடைந்தது. கரையின் விரிசல் அகன்று, வெள்ளம் தெருக்களில் பாய்ந்ததை நகரத்தார் அந்த க்ஷணத்திலேயே கண்டார்கள். ஐவர் மாண்டனர். ஆபத்து எத்திசையில் வருகிறது என்பதை ஊராருக்குக் காட்டிய அந்தப் பணியை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

இப்பணிக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ருஷ்யாவின்மீது வேவு விமானம் ஓட்டிச் சிறைப்பட்டு மீண்ட பிரான்ஸிஸ் காரி பவர்ஸ், 1977-இல் செய்தி ஹெலிகாப்டர் விபத்தில் தம் படப்பிடிப்பாளருடன் இறந்தார். 2007-இல் பீனிக்ஸ் நகரில், போலீஸார் ஒருவனைத் துரத்துவதைப் படமெடுத்த இரு ஹெலிகாப்டர்கள் மோதி நால்வர் மடிந்தனர். வெள்ளத்தைக் காட்டச் சென்றவர்களின் துணிவே துரத்தலைக் காட்டச் சென்றவர்களுக்கும் இருந்தது. ஆனால் காட்டப்பட்ட விஷயம் உயிருக்கு ஈடாகுமா?

1998 ஏப்ரல் 30 அன்று நடந்தது இன்னும் கொடிது. லாஸ் ஏஞ்சல்ஸ் நெடுஞ்சாலையில் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதை, குழந்தைகளுக்கான சித்திரப் படத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சில நிலையங்கள் காட்டின. நாளெல்லாம் பிள்ளைகளுடன் பழகும் நமக்கு இதை எண்ணினாலே நெஞ்சு பதறுகிறது.

அப்படியானால் ஆகாயக் கண்ணை மூடிவிடலாமா? கூடாது. 1992 ஏப்ரல் 29-ந் தேதி அதே நகரில் கலகம் மூண்டபோது, நாற்சந்தியில் ஒரு வெள்ளை லாரி ஓட்டியைக் கீழே தள்ளி நையப் புடைத்தார்கள். போலீஸார் அங்கே இல்லை. ஹெலிகாப்டர் மட்டும் மேலே வட்டமிட்டது. வீட்டிலிருந்து அதைக் கண்ட கறுப்பு இனத்தார் சிலர் எழுந்து ஓடினார்கள். குற்றுயிராய்க் கிடந்தவரை அவருடைய லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று பிழைக்கவைத்தார்கள்.

அன்று அக்காட்சியைப் பார்த்தவர் பல்லாயிரம் பேர், எழுந்தவர் சிலரே. இன்று ஹெலிகாப்டர் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஆளில்லா ட்ரோன்களும் செய்கின்றன. கண்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எழுந்து ஓடும் கால்களும் அவ்வாறே பெருக வேண்டும். அது இயலாத இடத்தில், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியை அணைக்கவேனும் பெற்றோர் கை நீள வேண்டும்.