தட்டில் வைத்த பொருள் எவருடையது?

தம்பலகாமத்திலிருந்து, எழுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர் சென்ற மாதம் எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். காணிப் பிணக்கொன்றைப் பற்றிப் பேசவே வந்தார். பேச்சு முடிந்து எழுந்தவர் வாசற்படியில் நின்றுகொண்டு வேறொன்றைச் சொன்னார். கனடாவில் வாழும் மகனைப் பார்க்கப் போனபொழுது, இறந்துபோன மனைவியின் தாலிக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனாராம். அதை அழித்துப் பேத்திக்கு ஒரு சங்கிலி செய்விக்கலாம் என்பது எண்ணம். வழியில் ஒரு விமான நிலையத்தில், சட்டைப்பையில் இருப்பவற்றையெல்லாம் சோதனைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பேர்ஸ், இடுப்புப்பட்டி, அந்த முடிச்சு ஆகிய மூன்றையும் வைத்தார். தட்டு இயந்திரத்துக்குள் போயிற்று. அவர் நடந்து போன வாயிலில் மணி ஒலித்தது. ஒருபுறமாக நிறுத்தி உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். விடுபட்டுத் தட்டண்டை போய்ச் சேர்ந்தபொழுது பேர்ஸ் இருந்தது, பட்டி இருந்தது, முடிச்சைக் காணவில்லை.

"அங்கேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"என்ன தம்பி கதைக்கிறீங்கள்? சோதனைக்காரரிட்டப் போய்க் கேள்வி கேக்கிறதே?" என்றார்.

தாலிக்கொடி போனதைக் காட்டிலும் இந்த மறுமொழியே எம்மை எழுதத் தூண்டியது. இது ஒரு முதியவரின் அச்சம் மட்டுமா? 1983 முதல் 2009 வரை இந்த மாவட்டத்திற் சோதனைச் சாவடியைக் கடவாமல் எவர் சந்தைக்குப் போனார்? எவர் பாடசாலைக்குப் போனார்? கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுமுன் தோணித்துறையிலே வரிசையில் நின்றவர்களும், மூதூர் இறங்குதுறையில் அரிசிப்பையை அவிழ்த்துக் காட்டியவர்களும், ஓமந்தையில் பெட்டி படுக்கையை வெயிலிலே பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே. சோதிப்பவன் முன்னே தலையைக் குனி, கேட்டதைக் கொடு, மிஞ்சியதை எடுத்துக்கொண்டு விரைந்து போ. உயிரைக் காக்க அப்பாடம் அன்று உதவியிருக்கலாம். அந்நாள் போயிற்று, அந்தக் கூனல் போகவில்லை. சோதனை மேசையைக் கண்டதும் தன் பொருளின் மீது தனக்குள்ள உரித்தைத் தானே கைவிட்டு விடுகிறான் எம்மவன். கமக்காரர் மட்டுமல்லர், நீதிமன்றத்திலே எதிர்த்தரப்பை உலுக்கும் எமது சகபாடிகளும், அறுவை மேசையில் கை நடுங்காத மருத்துவர்களும் அந்த வரிசையில் வாய் மூடி நிற்பதைக் கண்டிருக்கின்றோம்.

சோதனையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 1984 ஆகஸ்ட் 2 ஆந் திகதி சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலே, கொழும்புக்கு ஏற்றப்படவிருந்த பயணப் பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து, இலங்கையர் பலர் உட்பட முப்பது பேர் வரையில் மாண்டனர். பழி விழுந்தது தமிழ் ஆயுதக் குழுவொன்றின் மீது. 1986 மே 3 ஆந் திகதி கட்டுநாயக்காவில், மாலைதீவுக்குப் புறப்பட இருந்த எயர் லங்கா விமானத்தில் வெடித்த குண்டு 21 உயிர்களைக் குடித்தது. 2006 இல் பிரித்தானியாவில் வெளிப்பட்ட திரவ வெடிச் சதிக்குப் பிறகே 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவங்கள் கைப்பையில் ஆகா என்ற விதி உலகெங்கும் பரவிற்று. (பேரப்பிள்ளைகளுக்கென்று கிண்ணியாத் தயிரைக் கைப்பையில் மறைத்துக் கொண்டுபோகும் அன்பர்கள் அறிக: தயிரும் அவ்விதியின் கண்ணில் திரவமே.) ஆகவே சோதிக்கும் அதிகாரம் நியாயமானது. ஆனால், சோதிக்கும் அதிகாரம் வேறு, பொருளின் உரித்து வேறு. தட்டிலே வைப்பது காட்டுவதற்காக; கொடுத்துவிடுவதற்காக அன்று. அந்த இயந்திரத்தினுள்ளே பொருள் செல்லும் சில விநாடிகளில் உரித்து மாறுவதாக எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. அத்தட்டிலிருந்து எடுப்பவர் சீருடை அணிந்தவராயினும் சக பயணியாயினும் அது திருட்டே. பிறர் மறந்து விட்டுச் சென்றதை அறிந்தே தனதாக்கிக் கொள்வதும் எமது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமே.

சீருடை அணிந்தவர் எடுப்பாரோ என்று வியப்பவர் உளர். 2023 இல் அமெரிக்காவின் மயாமி விமான நிலையத்திலே சோதனை அலுவலர் சிலர், இயந்திரத்தினூடே நகர்ந்து வந்த பைகளுக்குள் கைவிட்டுப் பணம் எடுத்ததாகக் கைதாயினர்; கமராவிற் பதிவான காட்சியை உலகமே பார்த்தது. எனினும் எல்லாப் பழியையும் அலுவலர் தலையிற் போடுவது முறையன்று. அதே அமெரிக்காவின் சோதனைச் சாவடிகளில் 2019 நிதியாண்டில் பயணிகள் தாமாகவே தட்டுகளில் மறந்து விட்டுப்போன சில்லறைக் காசு மட்டும் ஒன்பது இலட்சம் டொலருக்கு மேல். மறதியும் அவசரமும் செய்யும் களவுக்கு முன் மனிதன் செய்யும் களவு சிறிது என்றே எண்ணத் தோன்றுகிறது.

எமது பகுதிப் பயணியின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். சீனக்குடாவிலே இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து விமானத்தளம் உண்டு. அது படையினர் வசம். வெளிநாடு செல்லும் மூதூர்ப் பெண் பேருந்திலே இரவிரவாக ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் என்று உருண்டு கட்டுநாயக்காவை அடைகிறாள். தூக்கமில்லை; பசி; கையிலே பத்திரங்கள். கட்டுநாயக்காவிலோ சோதனை ஒருமுறையன்று. கட்டடத்துள் நுழையும்பொழுதே பெட்டி, பை அனைத்தும் இயந்திரத்தினூடே போகவேண்டும். விமானமேறுமுன் மீண்டும் ஒருமுறை. முதலாவது இடத்திலேதான் நெருக்கடி மிகுதி. வழியனுப்ப வந்தவரின் அழுகை, தள்ளுவண்டிகள், ஒரே நிறப் பெட்டிகள்! தன் பெட்டி எனப் பிறர் பெட்டியை இழுத்துப் போகிறவர் திருடரல்லர்; ஆயினும் இழப்பு இழப்பே.

இழப்பு நேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பொருள் முந்திப் போகிறது. உடையவன் பிந்தி நிற்கிறான். இதை அறிந்தால் பரிகாரமும் விளங்கும். நெல் நிறுக்கும்பொழுது தராசை விட்டுக் கண்ணை எடுக்காத கமக்காரருக்கு நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சாக்கை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குகிறோமே, அதே கணக்கு. எத்தனை உருப்படி வைத்தோம் என்பதை மனத்திலே எண்ணிக்கொள்க. வரிசையில் சேருமுன்னரே கடிகாரம், காசு, திறப்பு, கைத்தொலைபேசி ஆகியவற்றைப் பைக்குள்ளே போட்டு இழுவையைப் பூட்டிவிட்டால், திறந்த தட்டிலே சிதறிக் கிடக்க எதுவும் இராது. தட்டு இயந்திரத்தின் வாய்க்குள் போவதைக் கண்ணாற் கண்ட பின்பே, அதுவும் வாயிலில் அழைக்கும் முறை வந்த பின்பே, நகர்க. "தள்ளிவிட்டு முன்னே போங்கள்" என்று பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். குடும்பமாகச் செல்வோர், ஒருவர் முதலிற் போய் அப்பால் நின்று பொருள்களை வாங்க, ஒருவர் கடைசிவரை இப்பால் நிற்பது நன்று. உடம்பைச் சோதிக்க ஒதுக்கி நிறுத்தினால், "என் பை அங்கே இருக்கிறது, அதை என் கண்ணுக்கு முன்னே கொண்டுவாருங்கள்" என்று கேட்கலாம். இதைக் கேட்டதற்காக எவரும் சிறை சென்றதில்லை.

நகை விடயத்தில் ஒரு வார்த்தை. தாலியும் மோதிரமும் அணிந்தபடியே கடக்கப் பல விமான நிலையங்கள் இடந்தருகின்றன. கழற்றச் சொன்னால், மறைவான அறையில் பெண் அலுவலரால் சோதிக்கும்படி கேட்கலாம். சோதனை மேசைக்கு அப்பால் இருக்கும் சுங்க மேசையிலும் எம் பெண்கள் நகையை இழந்ததுண்டு. இலங்கைத் தமிழ்ப் பெண்ணொருவர் சென்னை விமான நிலையத்தில் இறங்கியபொழுது, அணிந்திருந்த தாலிக்கொடியையும் காப்புகளையும் சுங்க அலுவலர் கைப்பற்றினர். அவர் வாளாவிருக்கவில்லை. வழக்காடினார். சென்னை உயர் நீதிமன்றம் 2025 இன் தொடக்கத்தில் அவற்றைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட்டது; உடம்பில் அணிந்திருப்பதும் பயணப் பொதியில் அடைத்துக் கொண்டுவருவதும் ஒன்றல்ல என்றும், சோதிப்பவர் மக்களின் சமய வழக்கங்களை மதிக்கவேண்டும் என்றும் கூறிற்று. தம்பலகாமத்துப் பெரியவருக்கும் இப்பெண்ணுக்கும் இடையில் சட்ட அறிவைவிட, வாய் திறந்ததே வேற்றுமை.

இனி, விமானத்தின் வயிற்றுக்குப் போகும் பெரிய பெட்டி. அது உடையவர் இல்லாத இடத்திலும் சோதனைக்காகத் திறக்கப்படலாம். நகை, காசு, காணி உறுதி, கல்விச் சான்றிதழ், அன்றாட மருந்து ஆகியவற்றை அதில் வைப்பது அறிவீனம். பவர் பாங்க் என்னும் மின்கலமும் அதில் ஆகாது. தீப்பிடிக்கும் அபாயம் கருதி அது கைப்பையிலேயே செல்லவேண்டும். இலங்கையும் சேர்ந்துள்ள 1999 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, பொதிக்கு நேரும் இழப்புக்கு விமானக் கம்பனி கொடுக்கவேண்டிய உச்சத் தொகை 2024 டிசம்பர் இறுதியிலிருந்து ஒருவருக்கு 1,519 விசேட எடுப்பனவு உரிமை அலகு. ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டொலர். பதினைந்து பவுண் நகையைப் பெட்டியில் அடைத்தவர் கணக்குப் பார்த்துக் கொள்ளட்டும். சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் அறிவிக்காவிடில் அதுவுமில்லை. பெட்டி வந்து சேர்ந்து, உள்ளிருந்தது மட்டும் காணாமற் போனாலோ? 1980 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பழைய வார்சோ உடன்படிக்கையின் கீழ், அதுவும் சேதமே, அதற்கும் ஏழு நாள் எல்லையே என்று தீர்த்தது. காணாமற் போனவை சட்டை, செருப்பு முதலியன. மதிப்பு பதினாறரைப் பவுண். அந்நாட்டின் அதியுயர் மன்றம் வரை போன வழக்கு அது! வழக்கறிஞர் தொழில் வாழ்க.

கைப்பையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அது பயணியின் காவலிலேயே இருப்பதாகச் சட்டம் கொள்வதால், கம்பனியின் தவறு நிரூபிக்கப்பட்டாலன்றிக் கம்பனி பொறுப்பாகாது. சோதனை செய்வதோ பெரும்பாலும் கம்பனியல்ல. ஆகவே தட்டிலே தொலைந்த பொருளுக்காகக் கம்பனியிடம் போனால் விமான நிலையத்தைக் காட்டுவர். அங்கே போனால் கம்பனியைக் காட்டுவர். இந்த இடைவெளிக்குள் விழாதிருக்க ஒரே வழி, அந்த இடத்தை விட்டு அகலுமுன் மேலலுவலரை அழைப்பித்து, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில், என்ன பொருள் என்று எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதாகும். கமராப் பதிவை அழியாது வைத்திருக்கும்படியும் அதிலேயே எழுதவேண்டும். அப்பதிவுகள் என்றென்றும் வைக்கப்படுவனவல்ல. பிரதியொன்றைக் கேட்டுப் பெறுக. எமது நாட்டுக்குள் நேர்ந்ததாயின் விமான நிலையப் பொலிசிலும் பதியலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பைக் காரணங் காட்டி மறுக்கக்கூடும். அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டியவர்கள் அவர்களே.

எந்த மொழியில் முறையிடுவது? கட்டுநாயக்கா சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதி என்று சொல்லி எம்மவரை மடக்க முடியாது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, அத்தகைய பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழிலே கருமமாற்றவும் தமிழிலே மறுமொழி பெறவும் எவருக்கும் உரித்தளிக்கிறது. தொலைந்ததைச் சொல்ல மொழி தெரியாமையாற் பேசாதிருந்துவிட்டேன் என்று ஒரு குடிமகள் கூறுவாளாயின், குற்றம் அவளுடையதன்று. ஒவ்வொரு சோதனை வரிசைக்கும் தமிழறிந்த அலுவலர் ஒருவரும், தமிழில் அச்சிட்ட முறைப்பாட்டுப் படிவமும் வேண்டுமென்று எமது மாவட்டப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே கேட்கட்டும். பெருஞ் செலவில்லாத காரியம். கேட்கத் தவறினால், வாக்குக் கேட்டு வரும்பொழுது நாம் கேட்போம்.

தம்பலகாமத்துப் பெரியவருக்காக அந்த விமான நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளோம். மாதங்கள் கடந்துவிட்டபடியால் அதிகம் எதிர்பார்க்கவில்லை. அவரிடமும் அதை ஒளிக்கவில்லை. சிறுபோக அறுவடை முடிந்ததும் அவர் மீண்டும் மகனிடம் போகிறார். சென்ற கிழமை வந்து, "சோதனையில என்ன சொல்லவேணுமெண்டு ஒரு துண்டில எழுதித் தாருங்கோ தம்பி" என்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தோம். இம்முறை கொண்டுபோக அவரிடம் பனங்கட்டிதான் இருக்கிறதாம்.