பாம்பன் கால்வாய்

இராமேசுவர யாத்திரை சென்றவர்கள் யாவரும் பாம்பனைக் கண்டிருப்பார்கள். ஆனால் ரயில் பாலத்தின்மீது ஊர்ந்து செல்லும்போது, நம்மவரில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு இராமநாதரைத் தியானிப்பதே வழக்கம். கீழே ஓடும் ஜலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1480-ஆம் ஆண்டு வரை இராமேசுவரத்துக்குக் காலால் நடந்தே செல்லலாம் என்றும், அவ்வாண்டு வீசிய புயலே நிலத்தைப் பிளந்தது என்றும் கோயில் வரலாறு கூறுகிறது. அதன்பின் படகுதான் கதி. நீருக்கடியில் பாறைகள் மிகுந்திருந்தபடியால் சிறு தோணிகளே இங்கு கடந்து வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து, கப்பல்கள் நுழையக்கூடிய ஒடுங்கிய கால்வாயை ஆழப்படுத்தினார்கள். அமெரிக்காவில் பாரதத்தின் புகழை நிலைநாட்டித் திரும்பிய விவேகானந்த சுவாமிகள், 1897 ஜனவரி 26-ந் தேதி தாய்நாட்டு மண்ணில் கால் வைத்தது இந்தப் பாம்பனிலேதான். பாஸ்கர சேதுபதி மகாராஜா எதிர்கொண்டழைத்தார். வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு ஜனமாக அவரும் வண்டியை இழுத்தாராம்!

1914 பிப்ரவரி 24-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பலுக்கு வழிவிட, நடுப்பகுதி இரண்டு கதவுகளைப்போல் மேலே எழும்பும். ஷெர்ஸர் என்ற அமெரிக்க எஞ்ஜினீயர் கண்ட முறை அது. இயந்திரமோ, மின்சாரமோ கிடையாது. தொழிலாளர்கள் இருபுறமும் நின்று, கைகளாலேயே நெம்புகோலைச் சுற்றவேண்டும். மேல்நாட்டு அமைப்பைப் புகழ்வோர், அதை ஆட்டிவைத்த நம் நாட்டுப் புஜங்களை மறந்துவிடுவது ஏனோ?

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலைக் கடல் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் 126 உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் தப்பிற்று. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்ஜினீயர், கடலில் கிடந்த உத்தரங்களை மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டார். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவேயில்லை.

1988-இல் மோட்டார்களுக்குத் தனிப் பாலம் வந்தது. பழைய ரயில் பாலம் உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்தபடியால், 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி மின்விசையால் நேர்செங்குத்தாக 17 மீட்டர் எழும்புகிறது. புஜபலத்துக்கு அங்கே வேலையில்லை. பழையதைப் பிரித்தெடுப்பது அவசியமாயிருக்கலாம். ஆனால் புயலுக்குத் தப்பிய அந்தத் தூக்குப் பகுதியையுமா இரும்புக்கடைக்கு அனுப்பவேண்டும்? அதையும், கை சுற்றிய நெம்புகோல்களையும் பாம்பன் கரையிலே நிறுத்திவைத்தால், இராமேசுவரம் போகும் குழந்தைகள் ஒரு முறை சுற்றிப் பார்க்கலாமே!