ஏரிக்கரை நடைபாதையில் உழவருக்கும் பங்கு வேண்டும்

வேடந்தாங்கல் ஏரிக்கரை வயதானவர்களும் குழந்தைகளும் சிரமமின்றி நடக்கக்கூடிய பாதை. ஒரு பக்கம் நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும். மறுபக்கம் நெல் வயல்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பார்வையாளர் வருகை அதிகம்.

ஆனால் இக்கரை நடப்பதற்காகப் போட்டதன்று. பாசனத்துக்கு நீர் தேக்கப் போட்டது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்குத் தழைச்சத்து தருகிறது. இதை அனுபவத்தில் அறிந்த உழவர்கள் பறவை வேட்டையை எதிர்த்தனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்று உத்தரவிட்டார். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இத்தாலி நாட்டில் சிங்குவே தெர்ரே என்னும் கடலோர மலைச்சரிவு உள்ளது. அங்கே படிப்படியான திராட்சைத் தோட்டங்களின் ஊடே நடக்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். விவசாயிகள் தோட்டத்தைக் கைவிட்ட இடங்களில் கல்சுவர்கள் சரிந்தன, பாதைகளும் பாழாயின. இன்று நடப்பவர் செலுத்தும் கட்டணம் பாதைப் பராமரிப்புக்கு உதவுகிறது.

இங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை மதகு செப்பனிடவும் வாய்க்கால் தூர்வாரவும் ஒதுக்குவதே நியாயம்.

உழவர் செய்ய வேண்டியதும் உண்டு. மண் பரிசோதனைப்படி மட்டுமே யூரியா இடவேண்டும். பூச்சிமருந்தைத் தேவை கண்டே தெளிக்கவேண்டும். நத்தையும் தவளையும் மீனும் அழிந்தால் பறவைக்கு இரை ஏது?

பறவையைப் பார்க்க வருவோர் வயலையும் பார்க்கட்டும். உழவு நின்றால் கரையைக் கவனிப்பாரில்லை. கரை போனால் ஏரியும் இல்லை, பறவையும் இல்லை.