கடன் வேண்டாம், களம் வேண்டும்!

சிறு கைத்தொழிலாளருக்கு ஆதரவு நல்குவோம் என்று கூறாத அரசாங்கம் இந்நாட்டில் இருந்ததில்லை. பச்சைக் கட்சியும் கூறிற்று. நீலக் கட்சியும் கூறிற்று. செங்கொடி ஏந்தி வந்தோரும் கூறினர். விளக்கேற்றுகின்றனர், நாடா வெட்டுகின்றனர், மூன்று நாட் பயிற்சி அளித்துச் சான்றிதழ் வழங்குகின்றனர். ஈற்றில் வங்கிக்குச் செல்லும் வழியைக் காட்டிவிட்டு மறைந்து விடுகின்றனர். ஆதரவு என்னும் சொல்லுக்கு ஆட்சியாளரின் அகராதியில் ஒரேயொரு பொருள்தான் உண்டு. அது கடன்.

கடன் கொடுப்பது ஆதரவாகுமா? பழகிய பொருளைப் பெருக்கிச் செய்வதற்குக் கடன் உதவலாம். விலையும் தெரியும், வாங்குவோரையும் தெரியும். புதிய பொருளொன்றை ஆக்கிப் பார்ப்பவனின் நிலையோ வேறு. பத்து முறை முயன்று ஒன்பது முறை தோற்ற பின்னரே அவன் வெற்றி காணக்கூடும். அந்த ஒன்பது தோல்விக்கும் வட்டி கட்டு என்று சொல்வது ஆதரவன்று, தண்டனை.

அறிவில் வறியவரா நாம்?

நம்மவரிடம் புத்தாக்கத் திறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1990ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் மின்கலமும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் பொன்னினும் அரிதாயிற்று. அந்நாளில் நம் மக்கள் கைகட்டி இருந்தனரா? ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுச் சிக்கனமாய் எரியும் விளக்கைச் செய்தனர். அவ்வொளியிலே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எந்த அமைச்சின் திட்டம் இது? எந்தச் சபையின் பயிற்சி இது?

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. அன்று வெளிப்பட்ட அறிவு அழிந்துவிடவில்லை. விதை இருக்கிறது, விளைவதற்குக் களமில்லை.

கருப்பநீர் கூறும் உண்மை

நம் பனையையே எடுத்துக்கொள்வோம். முட்டியிற் சுண்ணாம்பு தடவாவிடின் கருப்பநீர் சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகிவிடும். காய்ச்சி எடுத்த பனங்கட்டி மாரிகாலத்து ஈரக்காற்றில் இளகும். பனங்களியில் இயல்பான கசப்பு உண்டு. இம்மூன்று இடர்களையும் வென்றால், பருவத்தோடு முடியும் ஒரு தொழில் ஆண்டு முழுவதும் சோறிடும் தொழிலாகும்.

கருப்பநீரைச் சீசாவில் அடைத்துக் கெடாது வைக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் முயல்கிறதென்று கொள்வோம். கிருமி உண்டா, எத்தனை மாதம் தாங்கும் என்று சோதித்தறிய வேண்டும். பக்குவத்தை மாற்றும்போதெல்லாம் மீண்டும் சோதிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டில் தோன்றி இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் எனப்படும் நிலையம் கொழும்புப் பக்கத்தில். 1974ஆம் ஆண்டில் அமைந்த பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ஏக்கலையில். கண்டுபிடிப்புக்கு உரிமை பதியும் அலுவலகம் கொழும்பில். இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர்!

சபைகளுக்குக் குறைவில்லை. 1969இற் கைத்தொழில் அபிவிருத்திச் சபை. 1978இற் பனை அபிவிருத்திச் சபை. ஆயினும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடப்படும் பங்கு பல்லாண்டுகளாக 0.1 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. உலையில் அரிசியில்லை, அகப்பைகள் மட்டும் பல.

ஏலக் கூவல்

சரி, கடனே வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன்வழங்கல் வீதத்தை 7.5இலிருந்து 14.5 ஆக ஒரேயடியாக உயர்த்தியது. நேர்மையாய்க் கணக்கிட்டுத் தொழில் தொடங்கியோரின் கணக்கெல்லாம் பொய்த்தது. நீதிமன்றத்தின் படியேறாமலே ஈட்டுச் சொத்தை ஏலமிட வங்கிக்கு அதிகாரமளிப்பது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். கூக்குரல் எழுந்த பின்னர் 2024இல் அவ்வதிகாரத்தை இடைநிறுத்தி, 2025 மார்ச் 31 வரை நீடித்தனர். ஏலத்தைத் தள்ளிவைப்பது பரிகாரமாகுமா? தலைமுறை தலைமுறையாய் உழுத காணியைப் பணயம் வைத்துப் புதுமை செய் என்றால், எந்த விவேகி துணிவான்?

“தோல்விக்குப் பொதுப்பணமா?” என்று பொருளாதார நிபுணர் சிலர் புருவம் உயர்த்துவர். அரச விமான சேவையின் நட்டத்தைத் திறைசேரி ஆண்டாண்டாய்ச் சுமந்தபோது இப்புருவங்கள் எங்கே இருந்தன? 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாய்த் தடைசெய்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிட்டனர். நாட்டின் வயல் முழுவதையும் பரிசோதனைக்கூடமாக்கியோர் ஆட்சியாளர். நட்டம் சுமந்தவன் உழவன். அரசின் பரிசோதனைக்கு உழவன் பணங் கட்டலாம். உழவனின் பரிசோதனைக்கு அரசு கட்டலாகாதா?

நாம் கேட்பவை

நாம் புதுமையான எதையும் கேட்கவில்லை. யப்பானில் ஒவ்வொரு மாகாணமும் சிறு தொழிலாளருக்கெனப் பொதுச் சோதனை நிலையங்களை நடத்துகிறது. அமெரிக்காவிலே 1982ஆம் ஆண்டுச் சட்டம், பெரும் ஆராய்ச்சி நிதியுடைய அரச நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டுமென விதித்தது. முதலிற் சிறு தொகையால் எண்ணத்தைச் சோதித்தல். அது தேறினாற் பெருந்தொகை. அது கடனன்று, திருப்பிக் கேட்பதுமன்று.

ஆகவே, வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் முடிவு பெறக்கூடிய சோதனை நிலையங்கள் வேண்டும். முதல் முயற்சிக்குக் கடனன்றி மானியம் வேண்டும். தேறிய பொருளை அரச மருத்துவமனையும் பாடசாலையும் முதல் வாடிக்கையாளராக வாங்க வேண்டும். இவற்றை நடத்தும் அதிகாரம் மாகாணத்திடம் இருக்க வேண்டும். மாகாணத்தினுள் கைத்தொழில் முயற்சிகளை ஊக்குவிக்கும் உரிமை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் எழுத்தில் உண்டு. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடத்தாதிருந்தனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவுமா?

நம் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் வாளாவிருத்தல் தகாது. கிராமத்துச் சங்கத்துக்கு மாதமொரு நாளைக் கொடுங்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். கணக்கைச் சீர்செய்து கொடுங்கள். உழவர்களே, தனித்து நின்று கெஞ்சாதீர்கள். சங்கமாய் நின்று கேளுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் “எவ்வளவு கடன் தருவீர்?” என்று வினவும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். “எங்கள் முயற்சி தோற்றால், அந்த நட்டத்தில் உமது பங்கு எவ்வளவு?” என்று கேட்போம். அதற்கு விடை சொல்லாதவர் எவராயினும், அவர் பேசும் ஆதரவு வெறும் வாய்ப்பந்தலே!